கணக்கிடும் சில்லுகள் – 9: 386-க்கு வாய்த்த பழைய துணை

சென்ற பகுதியை ஐபிஎம் பிசியின் காலிச் சாக்கெட்டோடு நிறுத்தியிருந்தோம். 1981 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த அந்தக் கணினியின் மதர்போர்டில், 8088 புராசஸருக்குப் பக்கத்தில் 40 கால் சிப் ஒன்று உட்காரும் இடத்தை ஐபிஎம் காலியாக விட்டிருந்தது. வர்க்கமூலம், முக்கோணவியல், பல இலக்கப் பின்னங்கள் என்று கணக்கிலேயே பிழைப்பவர்கள் இன்டெலின் 8087 கோப்ராசஸரை வாங்கி அந்த இடத்தில் செருகிக்கொண்டார்கள்.

இந்தப் பகுதி 1986-க்குப் போகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஹியூஸ்டனைச் சேர்ந்த காம்பேக் நிறுவனம் டெஸ்க்புரோ 386 என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. இன்டெல் 1985 அக்டோபரில் அறிவித்திருந்த 32 பிட் புராசஸரான 386, அதில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஐபிஎம்மின் 386 கணினி வருவதற்கு 1987 ஆகிவிட்டது. பிசி உலகின் தலைமை ஐபிஎம்மின் கையை விட்டு நழுவியது அந்த இடைவெளியில்தான்.

டெஸ்க்புரோ 386-லும் கோப்ராசஸருக்கு ஒரு சாக்கெட் இருந்தது. 386-க்கென்று இன்டெல் திட்டமிட்டிருந்த துணை 387. அது அப்போது தயாராகவில்லை, 1987-ல்தான் வந்தது. ஆகவே காம்பேக் வைத்தது, முந்தைய தலைமுறையான 286-இன் துணைக்கான சாக்கெட். அதில் உட்கார வேண்டியது 287. அந்த 287-க்குள் கணக்குப் போடும் பகுதியோ 8087-ல் இருந்த அதே பகுதி. 1980-ஆம் ஆண்டின் கணக்குச் சிப், மேலே புதுச் சட்டை மாட்டிக்கொண்டு, 1986-இன் மிக வேகமான பிசி புராசஸருக்குத் துணையாக நின்றது.

புராசஸர் 32 பிட், துணை 16 பிட். இரண்டின் வேகமும் வேறு. போதாக்குறைக்கு, 287-ம் 386-க்கென்று திட்டமிட்ட 387-ம் பின்பற்றிய கணக்கு விதிகளே ஓரிடத்தில் மாறுபட்டன. இருந்தும் அந்த ஜோடி சரியான விடை தந்தது. அதற்குக் காரணம், மூன்று தலைமுறைப் பொறியாளர்கள் பின்னால் வருபவற்றுக்கு வழிவிட்டு எடுத்த சில முடிவுகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒட்டிப் பிறந்தது 8087

1978-ல் வந்த 8086-க்கு முழு எண்கள் மட்டுமே தெரியும். தசமப்புள்ளி உள்ள எண்ணைப் பெருக்க வேண்டுமென்றால், புரோகிராமர் அதைச் சின்னச் சின்ன முழு எண் வேலைகளாக உடைத்துக் கொடுக்க வேண்டும். இன்டெல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, 5 மெகாஹெர்ட்ஸில் அப்படி ஒரு பெருக்கலுக்கு 1,600 மைக்ரோ நொடி ஆகும். 8087-க்கு 19 போதும். வர்க்கமூலத்துக்கு முறையே 19,600-ம் 36-ம். அதாவது 500 மடங்குக்கு மேல் வேகம்.

8087-இன் கணக்கு முறைக்கு மூளையாக இருந்தவர்கள் இன்டெலின் ஜான் பால்மரும் புரூஸ் ராவனெலும். அவர்களுக்கு ஆலோசகராக இருந்தவர் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கஹான். சிப்பாக வடித்தது இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் மையம். அந்தக் குழுவுக்கு ரஃபி நாவே தலைமை தாங்கினார். இன்டெலுக்குள் பலருக்கு இந்தச் சிப் விற்குமா என்ற சந்தேகம் இருந்தது. கஹான் பின்னாளில் சொன்ன ஒரு தகவல்: எனக்குச் சம்பளமே வேண்டாம், நீங்கள் மதிப்பிடும் விற்பனைக்கு மேல் போகும் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு டாலர் கொடுங்கள் என்று பால்மர் மேலாளர்களிடம் கேட்டாராம். அவர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் பால்மர் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார்.

8087 வேலை செய்த விதம் விசித்திரமானது. நினைவகத்திலிருந்து 8086 எடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும் அதே கம்பிகளில் காத்திருந்து 8087-ம் பார்க்கும். 8086 எந்தக் கட்டளையில் இருக்கிறது என்று இரண்டு தனிக் கம்பிகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 11011 என்று தொடங்கும் கட்டளை வந்தால் அது கோப்ராசஸருக்கானது. 8086 நினைவக முகவரியைக் கணக்கிட்டு ஒரு முறை படித்துவிட்டு விலகிக்கொள்ளும். 8087 அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு, மீதி எண்ணைத் தானே நினைவகத்துக்குப் போய் எடுத்து வரும்.

தன்னை 8086-ன் பக்கத்தில் வைத்திருக்கிறார்களா, 8088-ன் பக்கத்திலா என்பதைக்கூட 8087 தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கணினியை இயக்கியதும் ஒரு குறிப்பிட்ட கம்பியின் நிலையைப் பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும். தொடங்கும்போதே கூட்டாளியை அடையாளம் காண்கிற இந்தப் பழக்கம் பின்னால் 386-க்கும் வந்தது.

ஆனால் இவ்வளவு நெருக்கம் ஒரு கட்டும்கூட. 8086 எப்படி அடி வைக்கிறதோ அப்படியே 8087-ம் அடி வைக்க வேண்டும். புராசஸரின் உள்ளமைப்பு மாறினால் இந்தத் துணை பயன்படாது.

இடையில் எழுந்த சுவர்

1982-ல் வந்த 286-ல் அந்த மாற்றம் நேர்ந்தது. ஒரு புரோகிராம் இன்னொன்றின் நினைவகத்தில் கை வைக்காமல் தடுக்கும் பாதுகாப்பு முறையை இன்டெல் அதில் சேர்த்திருந்தது. ஒவ்வொரு முகவரியும் 286-இன் சோதனையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கோப்ராசஸர் 8087 போலத் தானே நினைவகத்துக்குள் நுழைந்தால் அந்தப் பாதுகாப்பு ஓட்டையாகிவிடும்.

ஆகவே 287-ஐ நினைவகத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். கட்டளையை 286 படித்து, 248, 250, 252 என்ற எண்களுள்ள போர்ட்டுகள் வழியாக 287-க்கு அனுப்பும். எண் தேவைப்பட்டால் 287 ஒரு கம்பியில் கேட்கும். 286 நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். வேலை நடக்கும்வரை 287 இன்னொரு கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது விடுபடும்வரை 286 அடுத்த கணக்குக் கட்டளையை அனுப்பாது. 8087 காலத்தில் இந்தக் காத்திருப்புக்கென்று ஒவ்வொரு கணக்குக் கட்டளைக்கு முன்னும் தனியாக ஒரு கட்டளை எழுத வேண்டியிருந்தது. 286 அதைத் தானாகவே செய்தது.

இதில் ஓர் இழப்பு உண்டு: ஒவ்வொரு எண்ணும் புராசஸர் வழியாகச் சுற்றி வருவதால் நேரம் கூடியது. கிடைத்த லாபம் அதைவிடப் பெரியது. புராசஸரின் உள்ளே என்ன நடக்கிறது என்று 287-க்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அதனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் 286 ஓடியது 6 மெகாஹெர்ட்ஸில், 287 ஓடியது 4 மெகாஹெர்ட்ஸில். ஒரே சாக்கெட்டில் வேகமான புராசஸரும் மெதுவான துணையும் சேர்ந்து வாழலாம் என்று அன்றே நிரூபணமாகிவிட்டது.

பழைய சிப்பும் புதிய சிப்பும் சேர்வதற்கான வழி திறந்தது இங்கேதான். பாதுகாப்புக்காக எழுப்பிய சுவர், நான்கு ஆண்டு கழித்து 386-க்குப் பாலமாக உதவியது.

386 துணையைக் கண்டுகொண்ட விதம்

386-ஐ வடிவமைத்தவர்களுக்கு, தங்கள் சிப்புக்குப் பக்கத்தில் 287-ம் வரலாம், 387-ம் வரலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம் என்பது தெரியும். மூன்றுக்கும் இடம் வைத்தார்கள்.

கோப்ராசஸருக்கான போர்ட் எண்களை அவர்கள் மிக உயரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 386-இன் முகவரி 32 பிட் நீளம். கோப்ராசஸரோடு பேசும்போது மட்டும், அதன் உச்சிப் பிட்டுக்கான கம்பியும் போர்ட்டுக்கான குறியும் சேர்ந்து எழும். சாதாரணப் புரோகிராமின் போர்ட் கட்டளைகளால் 65,536 எண்களுக்கு மேல் போக முடியாது. ஆகவே இந்தக் கதவு புராசஸருக்கு மட்டுமே உரியது. எந்தப் புரோகிராமும் தவறுதலாகக்கூட அதைத் தட்ட முடியாது. மதர்போர்டு வடிவமைப்பவருக்கும் வேலை எளிது: முழு முகவரியையும் சோதிக்க வேண்டாம், அந்த ஒரு கம்பியைப் பார்த்தால் போதும்.

அடுத்தது அடையாளம். 387 தயாரானபோது அதற்கு ஒரு வழக்கம் கற்றுக் கொடுக்கப்பட்டிருந்தது. கணினியை இயக்கியதும் 387 தன் பிழைக் கம்பியைத் தாழ்நிலையில் பிடித்திருக்கும். 386 தன் முதல் கட்டளையைத் தொடங்குவதற்கு முன் அந்தக் கம்பியைப் பார்க்கும். தாழ்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பது 387. உயர்ந்திருந்தால் 287, அல்லது ஒன்றும் இல்லை. பார்த்ததை 386 தன் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரே ஒரு பிட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். ஈடி என்று அந்தப் பிட்டுக்குப் பெயர். துணை எந்த வகை என்பதைக் குறிப்பது அதன் வேலை.

அந்தப் பிட் 1 என்றால் எண்களை 32 பிட் துண்டுகளாக அனுப்பும். 0 என்றால் 16 பிட் துண்டுகளாக. 64 பிட் எண் ஒன்றை அனுப்ப 387-க்கு 2 நடை, 287-க்கு 4 நடை. வேக வித்தியாசத்தை 287-இன் சொந்தக் கடிகாரம் பார்த்துக்கொண்டது. புரோகிராம் எழுதுபவர் இதில் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முடிவிலி ஒன்றா, இரண்டா?

வயரும் பிட்டும் பொருந்தின. கணக்கு பொருந்தியதா? இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்க்கும் இடம் இது.

8087 வெளிவந்த 1980-ல், மிதவைப்புள்ளிக் கணக்குக்கான பொதுத் தரம் வரைவு நிலையில்தான் இருந்தது. ஐஇஇஇ அமைப்பின் குழு 1977 முதல் அதை விவாதித்துக்கொண்டிருந்தது. கஹானும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய வரைவே அதன் அடித்தளம். அந்த வரைவில் முடிவிலியைக் கையாள இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில், எண் கோட்டின் இரு முனைகளையும் வளைத்து ஒரே புள்ளியில் சேர்த்துவிடுவது. அப்போது கூட்டல் முடிவிலி, கழித்தல் முடிவிலி என்ற பேதமே கிடையாது. மற்றதில் கோடு நேராகவே போகும். இரு முனைகளிலும் வேறு வேறு முடிவிலி. 8087 இரண்டையும் அறிந்திருந்தது, ஆனால் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் முதல் வழியையே எடுத்துக்கொள்ளும். 287-ம் அப்படியே.

1985 மார்ச்சில் தரம் 754 என்ற எண்ணோடு இறுதியானபோது, வளைந்த கோடு விலக்கப்பட்டு நேர்கோடு மட்டுமே மிஞ்சியது. 387 அந்த இறுதித் தரத்தின்படி செய்யப்பட்டது. அதற்குத் தெரிந்தது இரண்டு முடிவிலிகள் மட்டுமே.

இந்த வேறுபாடு சாதாரணக் கணக்குகளைப் பாதிக்கவில்லை. இன்டெல் அதை ஓர் அடையாளச் சோதனையாகவே பயன்படுத்திக்கொண்டது. ஈடி பிட் 0 என்று இருந்தால், துணை 287-ஆ, இல்லவே இல்லையா என்பது மிச்சமிருக்கும் சந்தேகம். புரோகிராம்களுக்கோ எந்தத் தலைமுறைச் சிப் என்பதும் தெரிய வேண்டும். அதற்கு இன்டெல் தன் கையேடுகளில் தந்த வழி இது.

முதலில், நினைவகத்தில் ஓரிடத்தில் கோப்ராசஸர் ஒருபோதும் தராத ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். பிறகு கோப்ராசஸரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, உன் நிலையை அங்கே எழுது என்று கட்டளையிட வேண்டும். அந்த எண் அப்படியே கிடந்தால் எழுத ஆளில்லை, சாக்கெட் காலி. பூஜ்யம் வந்திருந்தால் ஆள் உண்டு.

அடுத்து, 1-ஐ 0-ஆல் வகுக்கச் சொல்ல வேண்டும். தொடக்க நிலையில் உள்ள கோப்ராசஸர் இதைத் தவறென்று நின்றுவிடாமல் முடிவிலியை விடையாகத் தரும். அந்த முடிவிலியை நகலெடுத்து, நகலின் குறியை மட்டும் மாற்றி, இரண்டையும் ஒப்பிடச் சொல்ல வேண்டும். சமம் என்று பதில் வந்தால் அது 8087 அல்லது 287. சமமில்லை என்றால் 387.

பத்துப் பன்னிரண்டு கட்டளைகளில் முடிந்துவிடும் சோதனை. சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணையோ விற்ற ஆண்டையோ அது கேட்பதில்லை. முடிவிலியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்றுதான் கேட்கிறது. ஒரு தரக் குழுவின் எட்டாண்டு விவாதத்தில் கைவிடப்பட்ட ஒரு கருத்து, மேசைமேல் இருக்கும் கணினிக்குள் உயிரோடிருந்து தன் வயதைச் சொன்னது.

புரோகிராம்களுக்கு இந்தச் சோதனை ஏன் தேவைப்பட்டது? 387 சில புதிய கட்டளைகளோடு வந்தது. சைனும் கோசைனும் நேரடிக் கட்டளைகளாயின. 287-க்குத் தெரிந்தது டேன்ஜன்ட் மட்டும், அதுவும் 45 டிகிரி வரையிலான கோணத்துக்கு. மற்ற கோணங்களைச் சுருக்கி அதற்குள் கொண்டுவருவதும், டேன்ஜன்டிலிருந்து சைனைப் பெறுவதும் புரோகிராமின் பொறுப்பு. 387-க்கென்று எழுதிய புரோகிராம் 287-இடம் சைன் கேட்டால் அந்தக் கட்டளையே அதற்குப் புரியாது. ஆகவே நல்ல மென்பொருள்கள் முதலில் துணையின் வயதை அறிந்துகொண்டு, அதற்கேற்ற பாதையில் நடந்தன.

எவ்வளவு இழப்பு?

பொருந்தியதால் மட்டும் வேகம் வந்துவிடாது. ஒரு கூட்டலுக்கு 287 எடுத்துக்கொண்டது 70 முதல் 100 கடிகாரத் துடிப்பு. 387-க்கு 30-ஐ ஒட்டிய துடிப்புகள் போதும். 10 மெகாஹெர்ட்ஸ் 287-ல் ஒரு கூட்டலுக்கு 8 மைக்ரோ நொடியை ஒட்டி ஆகும் என்றால், 16 மெகாஹெர்ட்ஸ் 387-ல் 2-ஐ ஒட்டித்தான். எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரம் இதற்கு மேல்.

ஆகவே 386-ம் 287-ம் சேர்ந்த கணினியில், மற்ற வேலைகளெல்லாம் 286-ஐ விடப் பாய்ச்சலாக நடந்தன. கணக்கு வேலை மட்டும் ஏறத்தாழப் பழைய நடையிலேயே போனது. கட்டட வரைபடம் போடும் ஒருவர் புதுக் கணினி வாங்கியும் வரைபடம் திரையில் மீண்டும் வரையப்படும் நேரம் அவர் எதிர்பார்த்த அளவு குறைந்திருக்காது. ஆனாலும் கோப்ராசஸரே இல்லாமல் மென்பொருளில் கணக்குப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். 287-ஐ ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியவர் அதைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. 387 வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஓராண்டுக் காலம் அந்த ஜோடி உழைத்தது.

மீண்டும் மீண்டும் வந்த ஜோடி

387 வந்ததும் புதிய 386 போர்டுகளில் அதற்கான சாக்கெட் இடம்பெற்றது. பழையதும் புதியதும் சேரும் கதை அதோடு முடியவில்லை. டெக்சஸ் மாநிலத்தில் 1988-ல் தொடங்கிய சைரிக்ஸ் நிறுவனம், 1989-ல் 387-இன் சாக்கெட்டிலேயே உட்காரும், அதைவிட வேகமான கணக்குச் சிப்பைச் செய்தது. அதே சைரிக்ஸ் 1992-ல் 486டிஎல்சி என்ற புராசஸரைக் கொண்டுவந்தது. 486-இன் கட்டளைகளை அறிந்த அந்தச் சிப் 386-இன் சாக்கெட்டில் பொருந்தியது, கணக்குக்குப் பழைய 387-ஐயே நம்பியிருந்தது. 1986-ல் 386 செய்ததை, ஆறு ஆண்டு கழித்து இன்னொரு நிறுவனம் அடுத்த தலைமுறையில் செய்தது.

இன்டெலும் அதே காலத்தில் ரேபிட்கேட் என்ற இரட்டைச் சிப்பை விற்றது. முதல் சிப் 386-இன் இடத்தில் உட்காரும். அதற்குள்ளேயே கணக்குப் பகுதியும் உண்டு. இரண்டாவது சிப் 387-இன் இடத்தில் உட்காரும். அது கணக்கே போடாது. 387 தர வேண்டிய பிழைக் குறியை மதர்போர்டுக்குத் தருவது மட்டுமே அதன் வேலை. போர்டை ஏமாற்றாமல், அது எதிர்பார்க்கும் பதிலைக் கொடுத்து நிறைவு செய்ய ஒரு தனிச் சிப்பையே செய்திருக்கிறார்கள்.

கணிப்பொறி வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். 16 மெகாஹெர்ட்ஸ், 33 மெகாஹெர்ட்ஸ் என்று எண்கள் ஏறுவதைத்தான் விளம்பரங்கள் சொல்லும். ஒரு புதிய சிப், தனக்கு முந்தையதைத் தெரிந்து வைத்திருந்து, அதன் நடைக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு, அதன் விடையைச் சரியாக வாங்கிக்கொள்ளும் வேலையை எந்த விளம்பரமும் சொல்லாது. பயனாளியின் பணமும், அவர் எழுதிய புரோகிராமும், பாதியில் நிற்கும் அவரது வேலையும் அந்த ஏற்பாட்டை நம்பித்தான் இருந்தன. அதைச் செய்தவர்களை வேகத்தைக் கூட்டியவர்களுக்குச் சமமாக மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஈடி பிட் இன்றும் இருக்கிறது. பிந்தைய இன்டெல் புராசஸர்களில் கணக்குப் பகுதி உள்ளேயே வந்துவிட்டதால், 287-ஆ 387-ஆ என்று கேட்கத் தேவையில்லை. அந்தப் பிட் எப்போதும் 1 என்றே பதிக்கப்பட்டிருக்கிறது. பழைய புரோகிராம் ஒன்று எட்டிப் பார்த்தால் அதற்குச் சரியான பதில் கிடைக்கும்.

கணக்குப் பகுதி புராசஸருக்குள் குடியேறியது 1989-ல், 486-ல். உள்ளே இருந்ததை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து 486எஸ்எக்ஸ் என்று விற்றதும், அதற்குத் துணை என்று விற்ற 487எஸ்எக்ஸ் உண்மையில் முழுமையான இன்னொரு 486 ஆக இருந்ததும் எப்படி என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)